கோலியர் பார்க்கிலிருந்து கடைசியாக வெளியேற்றப்பட்ட ஆள்

லியோனா ஹலாமா எரிவாயுக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தாள். காலையிலிருந்து மாலைவரை தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, ஹாட்லி ஊரே திட்டுவதைக் கேட்பது அவள் உத்தியோகம். பதிலுக்குக் குரலை உயர்த்தக் கூடாது என்பது கம்பெனி விதி. "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளினாள்.

சாயங்காலமானால் கோலியர் பார்க்குக்குப் போய் அம்பயரைத் திட்டுவாள்.

ஹாட்லி ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒரு பாய்லர் பட்டறை, மூன்று தேவாலயம், ஒரு பேஸ்பால் டீம். டீமின் பெயர் ரிவெட்டர்ஸ், அதாவது இரும்புத் தகட்டில் ஆணி அடிப்பவர்கள். சுற்றுவட்டாரத்தில் ஆறு ஊர்கள் சேர்ந்து நடத்திய சின்ன லீக்கில் ஆடியது. பெரிய லீக்குக்கு அங்கிருந்து ஒரே ஒருவன்தான் போனான். அவனும் துவைத்துப் போட்ட துணி காய்வதற்குள் திரும்பி வந்துவிட்டான். ஆனாலும் வெயில் காலம் முழுக்க ஊரில் பாதிப் பேர் கோலியர் பார்க்கில்தான் இருப்பார்கள். மீதிப் பாதிக்கு லியோனாவின் குரல் வீட்டிலேயே கேட்கும்.

அவளை முதன்முதலில் அங்கே அழைத்துப் போனது கணவன் வால்ட்டர். அவன் பாய்லர் பட்டறைக்காரன். நாள் முழுவதும் இரும்புக்குள் உட்கார்ந்து இரும்பை அடிக்கிற வேலை. மாலையில் யாராவது தேநீர்க் கரண்டியைக் கீழே போட்டால்கூட முகம் சுளிப்பான். அவனுக்குத் தெரிந்த விளையாட்டுகளிலேயே சத்தம் குறைந்தது பேஸ்பால்தான். ஆட்டக்காரர்கள் நிற்பார்கள், துப்புவார்கள், தொப்பியைச் சரிசெய்வார்கள், மறுபடி நிற்பார்கள். கல்யாணமான புதிதில், நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாமே என்று மனைவியை அழைத்துப் போனான்.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் முதல் மூன்று இன்னிங்ஸ் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தாள். நாலாவது இன்னிங்ஸில், நேராக நடுவில் வந்த ஒரு பந்தை அம்பயர் செல்லாது என்றான். லியோனா எழுந்தாள்.

"யோவ்! அந்தப் பந்து உன் மூக்கைத் தொட்டுட்டுப் போச்சு. இன்னும் எங்கய்யா வரணும், உன் வீட்டுக்கா?"

அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அதுவரை அவளுக்கே தெரியாது. ஆட்டக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேர்க்கடலை விற்றவன் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வால்ட்டர் மட்டும் தன் ஷூவைப் பார்த்தான்.

அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது காரை நிறுத்திவிட்டு அவன் சொன்னான்: "லியோனா, நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்."

"எந்தப் பக்கம்?"

"உனக்கு எதிர்ப் பக்கம்."

சண்டை ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. இருவரும் ஒரே காரில் வருவார்கள், ஒரே வாசலில் நுழைவார்கள். அவள் வலதுபக்கம் திரும்பி, அம்பயரின் முதுகுக்குப் பின்னால் வலையை ஒட்டிய இரண்டாவது வரிசைக்குப் போவாள். அவன் இடதுபக்கம் திரும்பி, மைதானத்தின் கோடியில் இருந்த மரப்படிகளுக்குப் போய் ரேடியோவைக் காதில் வைத்துக்கொள்வான். ஆட்டம் முடிந்ததும் காரடியில் சந்திப்பார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் தான் என்னென்ன கத்தினேன் என்று அவள் சொல்லுவாள். "கேட்டுச்சு" என்பான் அவன். இப்படியே அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேலை தேடிக் கொலம்பஸுக்குப் போய்விட்டார்கள்.

கத்துவதில் லியோனாவுக்கென்று ஒழுங்கு உண்டு. கெட்ட வார்த்தை கிடையாது. அதைப் பகலெல்லாம் தொலைபேசியில் வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. ஆட்டக்காரர்களைத் திட்டமாட்டாள், எதிரணிக்காரர்களைக்கூட. அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகளோ, பஸ்ஸில் கால் மடக்கித் தூங்கி வந்திருக்கிறார்கள். அம்பயர் மட்டும்தான் அவள் கணக்கில். அம்பயர்களிலும் குறிப்பாக ஹொரேஸ் டட்டில்.

ஹொரேஸ் அடுத்த மாவட்டத்துக்காரன். பகலில் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு நடத்துகிற அரசாங்க உத்தியோகம். வருகிறவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவான் என்று பெயர். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அம்பயர். பருத்த ஆள். குனியும்போது ஒரு பெருமூச்சு விடுவான், அது இரண்டாவது வரிசைவரை கேட்கும்.

"ஹொரேஸ்! குனிஞ்சு பாரு, குனிஞ்சு! தரையில என்ன தேடற, சம்பளமா?"

"ஹொரேஸ்! கார்ல ரிவர்ஸ் நல்லா எடுத்தவனையெல்லாம் ஃபெயிலாக்கின கண்ணுதானே இது?"

"ஹொரேஸ்! உன் பொண்டாட்டி உன்னைப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டாளா? அப்போ அவளுக்கும் இதே கண்ணு!"

ஹொரேஸ் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. அவன் கழுத்து மட்டும் சிவக்கும். அவள் அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் தன் வார்த்தை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்வாள்.

இருபது வருஷத்துக்கு மேல் இது நடந்தது. ஒரு கோடையில் லியோனாவுக்குத் தொண்டையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். டாக்டர் பேசவே கூடாது என்றுவிட்டார். ஒரு மாதம் அவள் வரவில்லை. அந்த மாதம் ஹொரேஸ் கொடுத்த தீர்ப்புகள் படுமோசம் என்று இரண்டு பக்கத்து டீமும் ஒத்துக்கொண்டன. ஹாட்லியில் அப்படி ஒற்றுமை அதற்கு முன்னும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வேர்க்கடலைக்காரன் ஹலாமா வீட்டுக் கதவைத் தட்டி, தொண்டைக்கு இதமான தேன் மிட்டாய் ஒரு டப்பா கொடுத்தான்.

"யார் குடுத்தா?" என்று வால்ட்டர் கேட்டான்.

"சொல்லக் கூடாதுன்னாரு. பருமனா இருப்பாரு."

லியோனா எல்லா மிட்டாயையும் சாப்பிட்டாள். திரும்பி வந்த அன்று முதல் இன்னிங்ஸிலேயே, "ஹொரேஸ்! நான் இல்லாதப்போ நல்லாத் தூங்கினியாமே!" என்றாள். கழுத்து சிவந்தது. அன்றைக்கு அவன் ஒரு தப்பும் செய்யவில்லை என்று வால்ட்டரின் ரேடியோ சொன்னது.

பிறகு ரிவெட்டர்ஸை யாரோ வெளியூர்க்காரர்கள் வாங்கினார்கள். கோலியர் பார்க்கில் கழிப்பறைக் குழாய்கள் சரியில்லை, கார் நிறுத்த இடமில்லை, தூண்கள் பார்வையை மறைக்கின்றன என்றார்கள். மூன்றுமே உண்மை. நெடுஞ்சாலைப் பக்கம் புது அரங்கம் எழும்பியது. செப்டம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம் பழைய மைதானத்தில் கடைசி ஆட்டம், அதன் முடிவில் பிரிவு விழா என்று அறிவித்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த லியோனா, அடுப்பில் முட்டைக்கோசை வேகவைத்துக்கொண்டே அந்தச் செய்தியைக் கேட்டாள். முட்டைக்கோஸ் அடிபிடித்தது. வால்ட்டர் அதையும் சாப்பிட்டான்.

விழாப் பொறுப்பு கெய்லின் என்ற பெண்ணிடம் இருந்தது. டீமின் விளம்பர வேலைகளைப் பார்ப்பவள், நல்ல மாதிரி, எதற்கும் சிரிப்பாள். அவள் ஹலாமா வீட்டுக்கே வந்தாள்.

"மிஸஸ் ஹலாமா, நீங்க எங்களுக்குப் பொக்கிஷம்."

லியோனா அவளை உற்றுப் பார்த்தாள். இதே டீமின் அலுவலகத்திலிருந்து, கொஞ்சம் குரலைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி மூன்று மேனேஜர்கள் மூன்று காலத்தில் வந்திருக்கிறார்கள். பொக்கிஷம் என்று யாரும் சொன்னதில்லை.

"விழாவுல பழைய ஆட்டக்காரங்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடறோம். கடைசியா உங்களை. நீங்க மைதானத்துக்கு நடுவுல வந்து, மைக்ல, ஹொரேஸைப் பார்த்து ஒரே ஒரு தடவை கத்தணும். முப்பது செகண்ட். ஜனங்க அழுதுடுவாங்க!"

"ஹொரேஸ் என்ன பண்ணுவான்?"

"நிப்பாரு. அவருக்கும் இதோட ஓய்வுதான். சரின்னுட்டாரு."

"மைக் எதுக்கு?"

கெய்லின் சிரித்தாள். லியோனா வேடிக்கைக்காகக் கேட்கவில்லை.

சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் வம்பு. அந்த வாரம் முழுக்கச் சமையலறையில் நின்று என்ன கத்துவது என்று யோசித்தாள். "ஹொரேஸ்!" என்று ஆரம்பிப்பாள். அதற்கு மேல் ஒன்றும் வராது. குளிர்பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். முன்னறையிலிருந்து வால்ட்டர், "என்ன வேணும்?" என்றான்.

"ஒண்ணும் இல்ல. ஹொரேஸைக் கூப்பிட்டேன்."

"வந்தானா?"

"வால்ட்டர், அவன் தப்பு பண்ணாம நான் என்னன்னு கத்தறது? சும்மா நிக்கற மனுஷனை எப்படித் திட்டறது?"

வால்ட்டர் யோசித்தான். "பொதுவாத் திட்டு" என்றான்.

"பொதுவாத் திட்ட நான் என்ன அரசியல்வாதியா?" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த ஞாயிறு வந்தது. வாசலில் டெல்பர்ட் நின்றிருந்தான். வாசல் காவலுக்கு அவன் அங்கே நிற்கத் தொடங்கி ரொம்ப வருஷம். அவன் வால்ட்டரை நிறுத்தினான்.

"வால்ட், உன் பக்கம் பூட்டியாச்சு. மரப்படியெல்லாம் உளுத்துப்போச்சாம், போன வாரம் ஒருத்தன் கால் உள்ள போயிடுச்சு."

"அப்போ நான் எங்க உக்கார?"

டெல்பர்ட் நுழைவுச் சீட்டைப் பார்த்தான். பிறகு லியோனாவைப் பார்த்தான். பிறகு மிகுந்த வருத்தத்தோடு, "உன் பொண்டாட்டி பக்கத்துல போட்டிருக்காங்கப்பா" என்றான்.

அப்படியாக, கோலியர் பார்க்கின் கடைசி நாளில் ஹலாமா தம்பதி பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். சுற்றியிருந்தவர்களில் பலருக்கு லியோனாவுக்குக் கணவன் இருக்கிற விஷயமே அன்றுதான் தெரிந்தது. செத்துப்போய்விட்டான் என்று நினைத்திருந்த ஒருத்தி வால்ட்டரிடம், "பார்க்க ரொம்ப சந்தோஷம்" என்றாள். வால்ட்டர் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னான்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. நாலைந்து வருஷமாக எட்டிப்பார்க்காதவர்கள் எல்லாம் வந்து, இந்த இடம் போகிறதே என்று அங்கலாய்த்தார்கள். ஆளாளுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்திருந்தார்கள். ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் பல இருக்கைகளில் எண் தகடுகளைக் காணோம். ஆண்கள் கழிப்பறையின் கதவையும் காணோம்.

லியோனா கத்தவில்லை. ஹொரேஸ் அன்றைக்குப் பார்த்து எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சனங்கள் ஒவ்வொரு பந்துக்கும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன லியோனா, விழாவுக்காகச் சேர்த்து வச்சிருக்கியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். கையைக் கைப்பைக்குள் விட்டு எதையோ தேடுவதுபோல் இருந்தாள். உள்ளே தேட ஒன்றும் இல்லை.

"உடம்பு சரியில்லையா?" என்று வால்ட்டர் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கேன். நீ ரேடியோவைக் கேளு."

"பக்கத்துலயே நடக்குதே, ரேடியோ எதுக்கு?" என்றான். அவன் அணைத்துவிட்டிருந்தான். அத்தனை கிட்டத்தில் ஆட்டத்தைப் பார்த்து அவனுக்கு வெகுகாலம் ஆகியிருந்தது. பந்து கையுறைக்குள் விழுகிற சத்தத்துக்கே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தான்.

எட்டாவது இன்னிங்ஸ். ரிவெட்டர்ஸ் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. நம் பையன் ஒருவன் மூன்றாவது பேஸ் என்ற கடைசித் திருப்பத்திலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தான். அவன் வந்து அம்பயரின் முன்னால் தரையில் பதித்த வெள்ளைப் பலகையைத் தொட்டால் சமன். மைதானத்தின் கோடியிலிருந்து பந்து பறந்துவந்தது. பலகையருகே நின்ற எதிரணிக் காவலாள் அதைப் பிடித்து, விழுந்து, ஓடிவந்தவனைப் பந்தால் தொட்டான். ஓடிவந்தவனும் சறுக்கி விழுந்தான். புழுதி எழுந்தது. லியோனாவுக்கும் அந்தப் புழுதிக்கும் இடையே ஒரு வலைதான் இருந்தது.

ஹொரேஸ் கையை உயர்த்தினான். "அவுட்!"

அரங்கம் மொத்தமும் லியோனாவைப் பார்த்தது. எட்டு இன்னிங்ஸாக இதற்குத்தான் காத்திருந்தார்கள். அவள் எழுந்தாள். வாயைத் திறந்தாள். அவள் பார்த்தவரை ஹொரேஸ் சொன்னது சரி. பையன் ஒரு சாண் பிந்திவிட்டான். அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போது வால்ட்டர் எழுந்தான்.

பாய்லர் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இரும்புச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. வெளியே வந்தபின் அதை அவன் பயன்படுத்தியதே இல்லை. அவன் சொன்னது ஒரே வாக்கியம். கால் உள்ளே வந்துவிட்டது என்பது அதன் பொருள். ஆனால் நடுவில் ஒரு வார்த்தை இருந்தது. அந்த வார்த்தையை இங்கே அச்சில் போட முடியாது. பட்டறையில் அது சாதாரண வார்த்தை, சுத்தியல் கேட்பதற்குக்கூட அதைத்தான் சொல்வார்கள். கோலியர் பார்க்கில் ஐந்தாவது வரிசையில் புனித ஹெட்விக் தேவாலயத்துப் பாதிரியார் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலிருந்த சாஸேஜ் ரொட்டி அப்படியே நின்றது.

ஹொரேஸ் திரும்பினான்.

அவன் வலைக்கு இந்தப் பக்கம் திரும்பியதை யாரும் அதுவரை பார்த்ததில்லை. முகமூடியைக் கழற்றினான். கையை நீட்டி இரண்டாவது வரிசையைக் காட்டி, பிறகு வாசலைக் காட்டினான். வெளியே போ என்று அர்த்தம்.

அரங்கமே எழுந்து ஆரவாரம் செய்தது. கடைசி நாளிலாவது லியோனாவை வெளியேற்றினானே என்று கைதட்டினார்கள். லியோனா கைப்பையை எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு மாதிரிப் பெருமிதம்கூட வந்திருந்தது.

"நீங்க இல்ல மேடம்," என்றான் ஹொரேஸ். "அவரு."

"யாரு?"

"அந்த ரேடியோ வச்சிருக்கறவரு."

லியோனா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். வால்ட்டர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது நுனிவரை சிவந்திருந்தது.

"இவன் ஒரு தடவைதானேய்யா கத்தினான்!" என்றாள் லியோனா. "நான் இத்தனை வருஷமா கத்தறேன், என்னை ஒரு நாள் வெளிய போன்னு சொன்னியா நீ?"

"நீங்க அந்த வார்த்தை சொன்னதில்ல மேடம்."

அவள் வகுத்த ஒழுங்கு அவள் காலையே வாரிவிட்டது. டெல்பர்ட் படியில் இறங்கி வந்து, "வால்ட், நீயா?" என்று கேட்டான். நம்பாமல் மறுபடியும், "நீயா?" என்றான். பிறகு அவன் தோளைத் தொட்டு அழைத்துப் போனான். லியோனாவும் பின்னால் நடந்தாள்.

வாசலில் டெல்பர்ட் சொன்னான்: "லியோனா, உன்னைப் போகச் சொல்லலையே. நீ உள்ளேயே இரு. விழா இருக்கு."

"கார் சாவி அவன்கிட்ட இருக்கு," என்றாள் அவள். "விட்டா வீட்டுக்குப் போயிடுவான்."

காருக்குள் உட்கார்ந்து, கொண்டுவந்த சாண்ட்விச்சை இருவரும் சாப்பிட்டார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸை ரேடியோவில் கேட்டார்கள். ரிவெட்டர்ஸ் அந்த ஒரு ரன்னில் தோற்றது. உள்ளே ஒரு பெரிய பெருமூச்சு எழுந்து அடங்கியது, ஜன்னல் வழியாக ஒரு தடவையும் ரேடியோ வழியாக ஒரு தடவையும் கேட்டது.

"கால் உள்ள வந்துச்சு லியோனா," என்றான் வால்ட்டர்.

"வரல."

"நான் பார்த்தேன்."

"நானும்தான் பார்த்தேன். இத்தனை வருஷமா நான் அங்கதானே உக்காந்திருக்கேன்? நீ இன்னிக்கு வந்தவன்."

விழா தொடங்கியது. பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். பெரிய லீக்குக்குப் போய்த் திரும்பி வந்தவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். பிறகு ரேடியோவில் கெய்லினின் குரல் கேட்டது. "இப்போ நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு குரல்... லியோனா ஹலாமா!"

ஆரவாரம். பிறகு கொஞ்சம் குறைந்தது. "லியோனா? லியோனா எங்க இருந்தாலும்..." மறுபடி ஆரவாரம், இந்தத் தடவை அதில் சிரிப்பும் கலந்திருந்தது. அதன்பின் ஒரு அமைதி. அத்தனை ஆயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு ஒரு குரலுக்காகக் காத்திருந்தார்கள். அந்த அரங்கத்தில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன் இருந்திருந்தாலும் லியோனா அதைக் கேட்டிருக்க வழியில்லை, அவள் கத்திக்கொண்டிருந்திருப்பாள்.

"போ," என்றான் வால்ட்டர். "நான் இங்கயே இருக்கேன். சாவி வேணும்னா வச்சுக்க."

அவள் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். திறக்கவில்லை. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போனது தெரிந்தது. அதே நேரம், கூப்பிட்ட பெயர் தன்னுடையது என்பதும், அந்த இடத்தில் அதை இனி யாரும் கூப்பிடப்போவதில்லை என்பதும் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. அவள் முகத்தை நேராக, முன் கண்ணாடியைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

வால்ட்டர் கண்ணாடி துடைக்கிற வைப்பரைப் போட்டான். மழை இல்லை. அவனுக்கு ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது. அவர்கள் இருவரும் வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவதைப் பார்த்துக்கொண்டு, கெய்லின் அடுத்த விஷயத்துக்குப் போகும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டம் கலைந்தது. இருக்கைகளையும் கொடிகளையும், யாரோ இருவர் ஒரு குளியல் தொட்டியையும் தூக்கிக்கொண்டு காரைக் கடந்து போனார்கள். எல்லாரும் போனபின் பக்கவாசல் வழியாக ஹொரேஸ் டட்டில் வந்தான். கையில் ஒரு பழைய பை. சாதாரணச் சட்டையில் அவன் அவ்வளவு பருமனாகத் தெரியவில்லை. நேராக அவர்கள் காரை நோக்கி வந்து ஜன்னலருகே குனிந்தான். பெருமூச்சு விட்டான்.

"மேடம், உங்களைக் கூப்பிட்டாங்களே. நான் மைதானத்து நடுவுல தனியா நின்னேன். கழுத்தெல்லாம் தயாரா வச்சிருந்தேன்."

"வரல. சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல ஹொரேஸ். இன்னிக்கு நீ ஒரு தப்பும் பண்ணலையே."

ஹொரேஸ் பையைக் கீழே வைத்தான்.

"அந்தப் பையன் உள்ள வந்துட்டான்," என்றான்.

"என்னது?"

"காவலாள் முதுகு மறைச்சுடுச்சு. கையைத் தூக்கிட்டேன். தூக்கினப்புறம்தான் புழுதியில அவன் கால் தடம் பலகை மேல இருக்கறதைப் பார்த்தேன். தூக்கின கையை எப்படி இறக்கறது?" அவன் வால்ட்டரைப் பார்த்தான். "நீங்க சொன்னது சரி சார். அந்த வார்த்தையைத் தவிர."

வால்ட்டர் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டான். ஓட்டுநர் தேர்வுக்கு வந்தவன் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். அவ்வளவுதான், ஆனால் லியோனாவுக்கு அதுவே பொறுக்கவில்லை.

"ஹொரேஸ் டட்டில்! இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை உன்னை நம்பினேன்!"

"அதுக்கு இந்த நாள்தானா கெடைச்சுது உங்களுக்கு?"

"இந்த நாள்ல தப்பு பண்ண உனக்கு மட்டும் கெடைச்சுதே! பலகை மேல கால் தடம் வச்சிருக்கான், அதைப் பார்க்காம வானத்துல என்னத்தைய்யா பார்த்துக்கிட்டிருந்த? உன் ஓய்வூதியத்தையா? ஒரு ரன்னுல்ல போச்சு! நீ லைசென்ஸ் குடுத்தவன் ஓட்டற ரோட்டுல நான் இனிமே நடக்கக்கூட மாட்டேன்!"

முப்பது செகண்டுக்கு மேலேயே ஆயிற்று. வாகன நிறுத்தத்தில் மிச்சமிருந்த நாலைந்து பேர் நின்று கேட்டார்கள். வாசலைப் பூட்டிக்கொண்டிருந்த டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். ஹொரேஸ் குனிந்தபடியே எல்லாவற்றையும் கேட்டான். ஒரு தடவை, முடிந்துவிட்டது என்று நினைத்து நிமிர்ந்தான். முடியவில்லை. மறுபடி குனிந்தான். முடிந்ததும், "நன்றி மேடம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான்.

கோலியர் பார்க்கைக் குளிர்காலத்தில் இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது டயர் கிடங்கு இருக்கிறது.

அடுத்த ஏப்ரலில் ஹலாமா தம்பதி நெடுஞ்சாலைப் பக்கத்துப் புது அரங்கத்துக்குப் போனார்கள். கழிப்பறைகள் நன்றாக இருந்தன. தூண் எதுவும் மறைக்கவில்லை. முதல் இன்னிங்ஸில் அம்பயர் ஒரு பந்தைத் தவறாகச் சொன்னதுபோல் தெரிந்தது. லியோனா எழுந்தாள். அதற்குள் கெய்லின் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, இப்போதெல்லாம் பந்து சரியா தப்பா என்று சொல்வது கருவிதான், அம்பயர் காதில் அது சொல்லும், அவர் அதைத் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான் என்று விளக்கினாள்.

"கருவி எங்க இருக்கு?"

"அதோ, அந்த விளக்குக் கம்பத்து மேல."

லியோனா அந்த இன்னிங்ஸ் முழுக்க விளக்குக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வால்ட்டர், வண்டியை எடு" என்றாள்.

மே மாதம் வேர்க்கடலைக்காரன் ஒரு தகவல் கொண்டுவந்தான். ஹொரேஸ் தன் ஊரில் மாதா கோயில் பெண்கள் அணிகளுக்கு சனிக்கிழமை தோறும் அம்பயராக நிற்கிறானாம், சம்பளம் கிடையாதாம். கார் ஒரு மணி நேர ஓட்டம். மைதானத்தைச் சுற்றி வேலிகூட இல்லை, உட்கார ஒரே ஒரு நீளப் பலகை. எதிர்ப்பக்கம் என்று ஒன்று இல்லாததால் வால்ட்டர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

மூன்றாவது இன்னிங்ஸில் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தாள். ஹொரேஸ் கையை உயர்த்தினான்.

"ஹொரேஸ்! அவ உள்ள வந்துட்டாய்யா!" என்று லியோனா எழுந்தாள்.

"வரல லியோனா," என்றான் வால்ட்டர், ஊருக்கே கேட்கும்படி. "அவன் சொன்னதுதான் சரி."

"உனக்கென்ன தெரியும்? ஒரு தடவை சொன்னது பலிச்சிடுச்சுன்னு தலைக்கேறிடுச்சா?"

"கால் வெளியதான் இருந்துச்சு."

"உள்ள!"

ஹொரேஸ் முகமூடியைக் கழற்றிவிட்டு, அவர்கள் உட்கார்ந்திருந்த பலகையை நோக்கித் திரும்பினான். விழுந்த பெண்ணும் எழுந்திருக்காமல் அப்படியே பார்த்தாள்.

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க," என்றான். "அதுவரைக்கும் நான் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."